ஏ பக்கம், ஐந்தாவது பாட்டு

நுழைவுச்சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான் சீலன்.
ஒரு கறுப்புவெள்ளைக் கட்டம்,
கீழே ஒரு சொல்லும் இல்லை.
ஏழு மாதமாய் எங்களுக்காகப் பேசியது
வக்கீல்களின் ஆங்கிலம்.

போவதில்லை என்று மூன்று தடவை முடிவெடுத்து
பிஷானில் ரயில் மாறினேன்.

காலாங் உள்ளரங்கு, பதினாறாவது வரிசை.
முன்னமே வந்திருந்தான்.
காலை ஒடுக்கி எனக்கு வழிவிட்டான்,
முன்பின் தெரியாத பெண்ணுக்கு விடுவதுபோல்.
முடி நிறையக் கொட்டியிருந்தது.
நானும் ஒன்றும் குறைவில்லை.

பாடகருக்கு வயதாகிவிட்டது.
உச்சிக்குப் போகவேண்டிய இடங்களிலெல்லாம்
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்,
கடன் கேட்கும் கூச்சம் கொஞ்சமும் இல்லாமல்.
கொடுத்தோம்.
அரங்கமே அள்ளிக் கொடுத்தது.

பிறகு அந்தப் புல்லாங்குழல்.
என் வலது காது சூடானது.
வலது எனக்கு, இடது அவனுக்கு:
பள்ளிக்கூட பஸ்ஸில் ஒரே இயர்போனை
ஒன்பது வருடம் பங்கிட்டவர்கள் நாங்கள்.

எண்பத்தாறு, ஜூன் விடுமுறை.
ரேடியோவையும் ரெக்கார்டரையும் எதிரெதிரே வைத்து
மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தோம்.
மூன்றாவது அடியில்
இரவு ஷிப்ட் முடித்து ஈரச்சந்தைக்கும் போய்வந்த அம்மா
வெளியே நின்று கத்தினாள்:
"கதவத் தொறங்கடா,
கை ரெண்டும் நெறஞ்சு கெடக்கு!"

பதிந்துவிட்டது.
இரும்புக் கிராதியில் பை உரசியதும்
கங்கோங் கீரை விலையை அவள் திட்டியதும்கூட.
பாட்டு பாழாப்போச்சு என்று சீலன் அழுதான்.
வேறு கேசட் வாங்கக் காசில்லை.
அதையே கேட்டோம். கேட்டுக் கேட்டு
அந்த இடம் வருவதற்காகவே
முன்னால் இருந்த அடிகளைப் பொறுத்துக்கொண்டோம்.

பல வருடம் கழித்து
சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைவாசலில்
அதே பாட்டை முழுசாய்க் கேட்டேன்.
சுத்தமாய் இருந்தது.
நடுவில் யாரோ இறங்கிப்போன பஸ் மாதிரி இருந்தது.

கேசட்டை எப்போதோ மெஷின் தின்றுவிட்டது.
அம்மா போன பிப்ரவரியில்.
மிச்சம், ஈசூனில் ஒரு மூவறை வீடு.
விற்கவேண்டும் என்கிறான் அவன்.
நான் அதில் குடியிருக்கிறேன்.
இதற்குமேல் அந்தக் கதை வக்கீல்களிடம் இருக்கிறது.

முதல் அடி. இரண்டாவது.
பாடகர் மைக்கை நீட்டுகிறார்.
ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒன்றாய்த் திறந்து
மூன்றாவது அடியைச் சரியாய்ப் பாடுகின்றன,
நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பார்க்கிறேன்,
அது என்னைக் கேட்கவில்லை:

கதவத் தொறங்கடா

இடப்பக்கம்
அரை நொடி முன்னால்
அதே குரல், அதே எரிச்சல்,
'தொ'வில் அதே அழுத்தம்.

முன்வரிசைப் பெண் போனோடு திரும்பிப் பார்த்தாள்.
அவள் எடுத்த காணொளியில் இருக்கும் அது,
யாருக்குப் போட்டுக் காட்டினாலும்.
பாவம், அவள் பாட்டும் பாழ்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
"கை ரெண்டும் நெறஞ்சு கெடக்கு" என்பதை
அவன் தனியாகத்தான் முடித்தான்.
எனக்குத் தொண்டை வரவில்லை.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து ஆடினார்கள்.
நாங்கள் உட்கார்ந்தே இருந்தோம்.

திரும்பும் ரயிலில் நிற்க இடமில்லை.
ஒரே கம்பியில்
அவன் கை மேலே, என் கை கீழே.
டக்கோட்டா தாண்டியும் பேச்சில்லை.
தை செங்கில் கேட்டான்,
"பூட்ட மாத்திட்டியா?"
"இல்ல. சாவிதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது,
தூக்கித் திருப்பணும்."
"தெரியும்" என்றான்.

சிராங்கூனில் இறங்கினான்.
கதவு மூடும் மணி அடித்தது.
எனக்கு இன்னும் இரண்டு நிறுத்தம்.